மலைக்குச் செய்த கருவி, உப்புக் காற்றில் 10 மாதங்கள்

எங்கள் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கம் சென்ற ஆவணியில் வாங்கி நிறுவிய வானிலை, நீர்மட்டக் கண்காணிப்புக் கருவிகளைப் பற்றி, ஒரு பருவமழையிலும் ஒரு கோடையிலும் அவற்றைத் தினமும் பார்த்துவந்த சங்கச் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஊர் தேவிபட்டினத்துக்கு மேற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் உப்புக் காற்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. மேகமலைப் பக்கத்துத் தோட்டங்களுக்காகவே இந்தக் கருவியை முதலில் வடிவமைத்ததாக அவர்களே பெருமையாகச் சொன்னார்கள்; நாங்கள் பட்ட பாட்டில் பாதிக்கு அதுவே காரணம்.

இப்படி ஒன்று வேண்டும் என்ற பேச்சு 2024 நவம்பர் 20ஆம் தேதி மழைக்குப் பிறகு எழுந்தது. அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தீவைத் தாண்டி மேற்கே போகப் போக அளவு வெகுவாகக் குறைந்தது. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே மழை இப்படி மாறும்போது, தாலுகா தலைநகரில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்குப் பிறகு முளைப்புக்கு ஈரம் போதுமா, கண்மாய் நிரம்பி வழியும் கலுங்கு எப்போது பாயும் என்று கணக்கிடுவதில் பொருள் இல்லை என்று பலருக்கும் பட்டது.

வாங்கியவை நான்கு நிலையங்கள். கண்மாய்க் கரையில் மழைமானியும், மடைக்கு மேலே நின்று நீர்மட்டம் அளக்கும் சென்சாரும். வரத்துக் கால்வாயில் இன்னொரு நீர்மட்ட சென்சார். குடிநீர் ஊருணியில் உப்புத்தன்மை அளப்பது ஒன்று. நாட்டுப்படகுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் கடற்கரையில் காற்றுமானி ஒன்று. எல்லாம் சேர்ந்து 2 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஆண்டுச் சந்தா 18,000 ரூபாய். நான்கு நிலையங்களும் லோரா என்னும் குறைந்த மின்செலவு ரேடியோ முறையில், இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒரே ஒரு கேட்வே பெட்டிக்குத் தகவல் அனுப்புகின்றன; அது எல்லாவற்றையும் திரட்டி ஒரு சிம் கார்டு வழியே இணையத்துக்கு அனுப்புகிறது. செல்போன் கோபுரம் இல்லாத மலைக்கு இது வரப்பிரசாதம். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பனியளவு எடுக்கும் ஸ்நோடெல் வலைப்பின்னல், எரிகற்கள் வானில் விட்டுச்செல்லும் மின்னூட்டத் தடத்தில் ரேடியோ அலையைத் தெறிக்கவைத்துப் பல்லாண்டுகள் தகவல் அனுப்பியது என்றால், அங்குள்ள சிரமத்தைப் புரிந்துகொள்ளலாம். எங்களுக்குக் கோபுரம் இருக்கிறது. ஆனாலும் நான்கு சிம் கார்டுகளுக்குப் பதில் ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டுவது லாபம்தான்.

ரேடியோ அலை எட்டும் தூரம் என்று விற்பனையாளர் சொன்ன 8 கிலோமீட்டர் இங்கே செல்லுபடியாகவில்லை. மலையில் ஒரு முகட்டில் ஆன்டெனாவை நட்டால் பள்ளத்தாக்கு முழுவதும் அதன் கண்ணில் படும். உயரம் அங்கே இலவசம். தரை தட்டையாகக் கிடக்கும் எங்கள் ஊரில், கரையெங்கும் அடர்ந்திருக்கும் வேலிக்கருவை அலைகளை விழுங்கிவிட, வரத்துக் கால்வாய் நிலையம் முதல் மூன்று வாரங்களில் பாதி நாள் ஊமையாகவே இருந்தது. ஊராட்சியின் அனுமதி பெற்றுக் கேட்வேயை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் உச்சிக்கு மாற்றிய பிறகே சீரானது. இந்த யோசனை எங்கள் ஊர் எலெக்ட்ரீசியன் பையனுடையது. நிறுவனத்தின் கையேட்டில் இல்லை.

நீர்மட்ட சென்சாரின் கதை இதைவிடச் சுவையானது. அது தண்ணீரைத் தொடுவதில்லை; மேலிருந்து கேளா ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும் என்பதால், அந்தத் திருத்தத்துக்காகப் பெட்டிக்குள் ஒரு வெப்பமானி வைத்திருக்கிறார்கள். பெட்டி கறுப்பு நிறம். பங்குனி வெயிலில் பெட்டிக்குள் 50 டிகிரி, தண்ணீருக்கு மேலுள்ள காற்றில் 33 டிகிரி. ஒலி உண்மையில் போவதைவிட வேகமாகப் போகிறது என்று கருவி நம்பி, தூரத்தை அதிகமாகவும் நீர்மட்டத்தைக் குறைவாகவும் காட்டியது. 3 மீட்டர் தூரத்துக்கு இந்தப் பிழை 8, 9 சென்டிமீட்டர் வரும். தினமும் மதியம் கண்மாய் வற்றி, இரவில் தானாக நிறைந்தது. "பகல்ல குடிச்சிட்டு ராத்திரி துப்புதா கண்மாய்?" என்று மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் எங்கள் நீர்பாய்ச்சி கேட்டார், அவர் மடைக்கல்லில் இருக்கும் பழைய அடிக்கோட்டைப் பார்த்துச் சொல்லும் அளவு ஒருநாளும் அப்படி ஏறி இறங்கியதில்லை. வெள்ளைத் தகரத்தில் நிழல்மூடி செய்து பொருத்தியதும் பிழை பெரும்பாலும் நீங்கியது. குளிர்ந்த மலையில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

மழைமானியைப் பற்றிக் குறை அதிகம் இல்லை. ஒவ்வொரு 0.2 மில்லிமீட்டருக்கும் ஒருமுறை கவிழும் சிறு வாளி வகை அது. மிகக் கனத்த மழையில் வாளி கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் வராததால் சற்றுக் குறைத்தே காட்டும். ஆனால் அளவுகளைக் கைபேசியில் காட்டும் நிறுவனத்தின் செயலி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள் என்று எண்ணியது. வானிலை ஆய்வு மையத்தின் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. இரண்டையும் ஒப்பிட்டு இரண்டு மாதம் வீணாக வாதாடிய பிறகே இது தெரியவந்தது. வாங்குவோர் முதல் நாளே இந்த அமைப்பை மாற்றச் சொல்லிவிட வேண்டும்.

ஊருணியில் போட்ட சென்சாருக்கு என்னால் பாதி மதிப்பெண்கூடத் தர முடியவில்லை. மின்முனைகளில் மூன்று வாரத்தில் பாசி படிகிறது; படிந்தால் அளவு தடுமாறுகிறது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த எல்லைகளுக்கு அருகில் இருக்கும் ஊருணிக்குத் தடுமாறும் கருவி இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். குடம் சுமக்கும் பெண்கள் நாக்கில் வைத்தே சித்திரையில் உப்பு ஏறியதைச் சொன்னார்கள். கருவி ஒரு வாரம் கழித்து, சுத்தம் செய்த பிறகு, ஒப்புக்கொண்டது.

காற்றுமானியில் நடந்தது சிரிக்கக்கூடியதல்ல. தை மாதம் உப்பு ஏறி அச்சு இறுகி, காற்றில் சுழலும் கிண்ணங்கள் நின்றுவிட்டன. வெளியே வாடைக் காற்று அடித்துக்கொண்டிருக்க, செயலி "காற்று 0, அமைதி" என்று காட்டியது. பழுதையும் அமைதியையும் வேறுபடுத்திக் காட்டாத மென்பொருளை, கடலுக்குப் போகிறவர் கையில் கொடுக்கக் கூடாது. நல்லவேளையாக அதை நம்பி யாரும் படகை இறக்கவில்லை. புகார் கொடுத்து 41 நாள் கழித்துத்தான் ஆள் வந்தார். அவரும் சொன்ன காரணம், மலைத் தோட்டங்களில் இந்த அச்சு மூன்றாண்டு ஓடுகிறது என்பதே.

சந்தாவில் ஒரு பகுதி, வருஷநாட்டு மலைப்பக்கத்தில் அந்த நிறுவனம் வைத்திருக்கும் மழை நிலையங்களின் அளவுகளையும் எங்களுக்குக் காட்டுவதற்காக. வைகை அங்கே பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி எங்கள் பக்கம் வருவதால், இதைக் கேட்டபோது சங்கக் கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் ஐப்பசி முழுவதும் விடியற்காலையில் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். ஆனால் மலையில் பெய்த மழைக்கும் எங்கள் மடைக்கும் நடுவே, 71 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் வைகை அணை, அதற்குள் பெரியாற்றிலிருந்து சுரங்கம் வழியே வந்து சேரும் தண்ணீர், மதுரை, சிவகங்கைப் பாசனங்கள், பார்த்திபனூர் மதகணை, அதற்குக் கீழே வரிசையாகக் காத்திருக்கும் கண்மாய்கள் எல்லாம் இருக்கின்றன. எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட எந்த மதகை எப்போது திறந்தார்கள் என்பதே எங்களுக்கு வேண்டிய செய்தி. மலை நிலையங்கள் அருமையாக வேலை செய்கின்றன, ஒருநாள்கூட நின்றதில்லை. எங்களுக்குப் பயன்படவில்லை, அவ்வளவுதான். பார்த்திபனூருக்குக் கீழே கால்வாயில் ஒரே ஒரு நீர்மட்ட சென்சார் வைத்திருந்தால், வரத்துக் கால்வாயைச் செதுக்கி ஆயத்தமாக எங்களுக்கு நேரம் கிடைத்திருக்கும்.

இந்த ஆண்டுச் சந்தாவைக் கண்மாய், வரத்துக் கால்வாய் நிலையங்களுக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறோம். மலைத் தகவலை நிறுத்திவிட்டோம். ஊருணி சென்சார் ஊராட்சி அலுவலகத்தில் பெட்டிக்குள் இருக்கிறது. காற்றுமானிக்கு அசையும் பாகமே இல்லாத வேறு வகையைத் தருவதாக நிறுவனம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. புரட்டாசிக்குள் அது வராவிட்டால், கடற்கரையில் நிற்கும் கம்பத்தைக் கழற்றி வரத்துக் கால்வாயில் இன்னும் மேலே கொண்டுபோய் நடுவதென்று கூட்டத்தில் தீர்மானம் எழுதியாகிவிட்டது.