லூசி டிக்ஸ் ஸ்லோ: ஒரு டீனின் வாழ்க்கை வரலாற்று நூல்

1922ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கறுப்பினத்தவர் கல்விக்குப் பெயர்பெற்ற ஹோவர்ட் பல்கலைக்கழகம் மாணவியர் டீன் பதவியை ஏற்க அழைத்தபோது, கறுப்பினக் கல்வியாளரான லூசி டிக்ஸ் ஸ்லோ உடனே தலையசைத்துவிடவில்லை. ஊதியம், பேராசிரியர் தகுதி, மாணவியர் குறித்த முடிவுகளில் தமக்குரிய பங்கு, வளாகத்துக்கு வெளியே குடியிருக்கும் உரிமை ஆகியவற்றைக் கடிதங்கள் வழியே பேசித் தெளிந்த பின்னரே அவர் இசைந்தார். கேரல் மில்லரும் ஆன் புரூயிட்-லோகனும் எழுதி, நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2012இல் வெளியிட்ட 'ஃபெய்த்ஃபுல் டு த டாஸ்க் அட் ஹேண்ட்' என்னும் வாழ்க்கை வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இந்தக் கடிதப் பேச்சுதான். பின்னாளில் அவர் சந்தித்த போராட்டம் அனைத்துக்கும் வித்து அதிலேயே இருக்கிறது.

வர்ஜீனியாவின் பெரிவில்லில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அத்தையிடம் வளர்ந்த ஸ்லோ, ஹோவர்டில் படிக்கும்போதே 1908இல் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா என்னும் மாணவியர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1917இல் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கான அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் மகளிர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1919இல் கறுப்பின மாணவர்களுக்கான ஷா இடைநிலைப் பள்ளியின் தலைமையை ஏற்றார். ஒவ்வொன்றும் தனி நூலுக்குரிய செய்தி என்றாலும், நூலின் உயிர் ஹோவர்டில் அவர் பணியாற்றிய 15 ஆண்டுகளில்தான் உள்ளது.

அக்காலத்தில் மாணவியர் டீன் என்றால் விடுதிக் காப்பாளர் என்றே பலரும் எண்ணினர். கதவு சாத்தும் நேரத்தையும் மாணவியரின் நடத்தையையும் கண்காணிப்பதே அவர் வேலை என்று கருதப்பட்டது. ஸ்லோ அந்த எண்ணத்தை அடியோடு மறுத்தார். அதற்கெனப் படித்துத் தேர்ச்சி பெற வேண்டிய கல்விப் பணி அது என்பதும், கறுப்பினப் பெண்கள் கல்லூரியிலேயே தாமாக முடிவெடுக்கப் பழகினால்தான் சமூகத்தில் தலைமை ஏற்க முடியும் என்பதும் அவருடைய உறுதியான கருத்துகள். 1931இல் திறக்கப்பட்ட மாணவியர் விடுதி வளாகம் இந்தக் கருத்துக்கு அவர் தந்த செங்கல் வடிவம் என்றே நான் கருதுகிறேன்.

பிற்பகுதியைப் படிப்பது எளிதன்று. வகுப்பில் பேராசிரியர் ஒருவர் இழிவாகப் பேசியதாக 1927இல் மாணவியின் தந்தை எழுதிய புகாரை ஸ்லோ மேலிடத்துக்குக் கொண்டுசென்றார். பல்கலைக்கழகத் தலைவர் மோர்டெகாய் ஜான்சனுடன் உறவு கசந்தது; ஏற்கெனவே இசைந்த நிபந்தனைக்கு மாறாக, வளாகத்துக்குள் குடிவர வேண்டும் என்ற உத்தரவும் பின்னர் வந்தது. புரூக்லண்ட் பகுதியில் நாடகாசிரியர் மேரி பரிலுடன் அவர் வாழ்ந்த வீடு மாணவியரும் வந்து செல்லும் இடமாக இருந்ததை அறிந்து படிக்கும்போது, அந்த உத்தரவு எவ்வளவு ஆழமாகக் காயப்படுத்தியிருக்கும் என்பது விளங்குகிறது. 1937 அக்டோபரில் அவர் நோயால் இறந்தபோதும் அந்தப் பூசல் தீர்ந்திருக்கவில்லை.

ஆசிரியர்கள் இவற்றை ஆவணங்களின் துணையோடு நிதானமாகச் சொல்கிறார்கள். குழுக்கள், சங்கங்கள் பற்றிய பகுதிகளில் நடை தளர்கிறது, பொறுமை வேண்டும். பரிலுடனான வாழ்க்கையைப் பற்றி இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்ற ஏக்கமும் எனக்கு இருந்தது. ஆனால் 1929இல் கறுப்பினப் பள்ளிகள், கல்லூரிகளின் மாணவியர் டீன்களை ஒரே சங்கமாக அவர் திரட்டியதைப் படிக்கும் இடத்தில், அவருடைய பணி ஹோவர்டின் எல்லையைக் கடந்து எவ்வளவு தூரம் சென்றது என்பதை உணர முடிகிறது. கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள், குறிப்பாக மாணவியர் நலப் பொறுப்பில் இருப்பவர்கள், முதலில் 1922ஆம் ஆண்டுக் கடிதப் பகுதியைப் படித்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்குத் திரும்புமாறு பரிந்துரைக்கிறேன்.