பழவேற்காடு கடற்கரை ஓட்டம்: வடசென்னைக்காரர்கள் தாராளமாகப் பதியலாம்

ஜனவரியில் பழவேற்காடு கடற்கரையில் நடந்த டிரெயில் ஓட்டத்துக்கு எங்கள் ஓட்டக் குழுவோடு போய் வந்தேன். 21 கிலோமீட்டர் பிரிவு. தண்டையார்பேட்டையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள்கூட அடுத்த வருடம் பதியலாமா என்று கேட்கிறார்கள். பதியலாம். பாதைக்கும் ஓட்டத்தை நடத்திய விதத்துக்கும் முழு மதிப்பெண் தருவேன். ஓட்டத்துக்கு முந்தைய வாரம் எங்களை அலையவிட்டதற்கு மட்டும் தரமாட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

வடசென்னையில் ஓடுகிறவர்களுக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, மணல்தான் இல்லை. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கிலிருந்து நகர்ந்து வரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு மெரினா அகலமானது. இந்தப் பக்கம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்துக்கொண்டே வர, கருங்கல்லைக் கொட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே, எண்ணூர் விரைவுச் சாலை ஓரமாகத்தான் எங்கள் பயிற்சி. ஓட்டப் போட்டி என்றால் மெரினா, பெசன்ட் நகர், ஈசிஆர் என்று எல்லாம் தெற்கே. வடக்கே ஒன்று நடக்கிறது, அதுவும் மணலில் என்றதும் குழுவில் எல்லோரும் பெயர் கொடுத்துவிட்டோம். கட்டணம் 1,200 ரூபாய்.

விடியற்காலை மூன்று மணிக்குத் திருவொற்றியூர் தேரடியில் வேன் ஏறி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனோம். மின்சார ரயிலை நம்பிப் போக முடியாது. பொன்னேரியில் இறங்கினாலும் அங்கிருந்து பழவேற்காட்டுக்கு இன்னும் சுமார் 20 கிலோமீட்டர் இருக்கிறது. பாலம் தாண்டி, கலங்கரை விளக்கத்துப் பக்கம்தான் தொடக்கம்.

இவ்வளவு சீக்கிரம் போயும் ஓட்டம் ஆரம்பித்தது வெளிச்சம் வந்த பிறகுதான். பொதுவாக ஐந்து மணிக்கே விட்டுவிடுவார்கள். இங்கே இருட்டில் யாரும் மணலில் கால் வைக்கக் கூடாது, நெற்றி விளக்கும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். வெளிச்சம் பட்டால் கரையேறாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சம் வரும் பக்கம் கடலென்று நினைத்து ஊர்ப்பக்கம் போய்விடும். வழியில் ஓர் ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. ஓட்டின் மேல் பாதி மணல் மூடியிருந்தது, கண்கள் வீங்கி வெளியே தள்ளியிருந்தன. வலையில் சிக்கி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் போனால் இப்படி ஆகும் என்று அங்கே நின்ற தன்னார்வலர் பெண் சொன்னாள். அளவு எடுத்து, படம் பிடித்து, போனில் குறித்துக்கொண்டிருந்தாள். ஓட்டம் நடத்துகிறவர்கள் இதற்கென்றே ஆள் போட்டிருந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்தது ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. தேதியையே அதைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஓதம் தினமும் கிட்டத்தட்ட 50 நிமிடம் தள்ளித் தள்ளி வரும். எந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேதி குறித்ததால், அலை விட்டுப்போன ஈர மணல் ஓடுவதற்கு வாகாக, அகலமாகக் கிடைத்தது. அந்த மணல் இறுகியிருக்கும், கால் புதையாது. இரண்டடி மேலே உலர்ந்த மணலுக்குப் போனால் போச்சு. கெட்டித் தரையில் ஓடுவதைவிட அங்கே சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். மேல் மணலில் ஓடியவர்கள் மூன்றாவது கிலோமீட்டரிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் எட்டு கிலோமீட்டர் தெற்கே, கரையோரமாக. அப்புறம் சவுக்குத் தோப்புக்குள் ஐந்து. திரும்ப எட்டு கரையிலேயே. இந்த அமைப்பிலும் ஒரு யோசனை இருக்கிறது. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். தெற்கே போகும்போது இடது கால் பள்ளத்தில், திரும்பும்போது வலது கால் பள்ளத்தில். ஒரே பக்கமாக 16 கிலோமீட்டர் ஓடவிட்டிருந்தால் பாதிப் பேர் முழங்கால் வலியோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

வளைவுக்கு வளைவு குப்பத்து ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். கூலி கொடுத்துத்தான், விசாரித்தேன். ஒரு பெரியவர் சிவப்புத் துணியைக் கையில் பிடித்தபடி என்னிடம், "வாடை அடிக்குதும்மா. இப்போ முதுகுல தள்ளும், திரும்பி வரச்சொல்ல மூஞ்சிலதான் அடிக்கும். எல்லாத்தையும் இங்கயே கொட்டிடாத" என்றார். அப்படியே நடந்தது. கடைசி ஐந்து கிலோமீட்டர் எதிர்க்காற்றில் குனிந்தபடிதான் ஓடினேன். அவர் சொன்னதைக் கேட்டு வேகத்தைச் சேர்த்து வைத்திருந்ததால் நடக்காமல் முடித்தேன்.

தோப்புக்குள் சவுக்கு ஊசிகள் மெத்தை போட்டதுபோல் கிடக்கின்றன, முட்டிக்கு அவ்வளவு சுகம். ஆனால் தோப்புக்கும் கரைக்கும் நடுவே ராவணன் மீசை என்கிற முள் புல் புதர் புதராக இருக்கிறது. துணியைத் தாண்டிக் குத்தும். அடப்பங்கொடி கால் விரலில் மாட்டி இழுக்கும். அங்கே தரையைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். வலைத்துணி மெல்லிசாக இருக்கும் ஷூவைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பொடி மணல் உள்ளே இறங்கி விரலிடுக்கைத் தேய்த்துவிடும். கணுக்காலை மூடும் துணி உறை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஷூவை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைக்க வேண்டும்.

என் தொழிலை ஒட்டி ஒரு விஷயம். தண்ணீர்ப் பந்தல் எல்லாவற்றிலும் சரியான ஓஆர்எஸ் வைத்திருந்தார்கள். பழச்சாறு மாதிரி டப்பாவில் வரும் இனிப்புத் தண்ணீர் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படியான பொட்டலம். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. கல்லூரிப் பையன் ஒருவன் 20 லிட்டர் கேனில் ஒவ்வொரு பொட்டலமாக எண்ணிக் கொட்டி, இருபது ஆனதும் மூடி போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தான். பார்த்து நின்றுவிட்டேன். எத்தனையோ ஓட்டங்களில் கண்ணளவில் கலந்து தருவார்கள். உப்பு கூடினாலும் ஆபத்து, சர்க்கரை கூடினாலும் வயிற்றைக் கலக்கும். இந்தப் பையனுக்கு யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கப் ஒன்றுகூட இல்லை. அவரவர் டம்ளரை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட வேண்டும் என்பது விதி. இந்தக் காற்றில் கப் கொடுத்திருந்தால் எல்லாம் கடலுக்குத்தான் போயிருக்கும்.

சாப்பாடு குப்பத்துப் பெண்கள் சமைத்தது. இட்லி, வடகறி, கேட்பவர்களுக்கு இறால் தொக்கு. தொக்கில் தேங்காய் போடாமல், பூண்டை நசுக்கிப் போட்டு, எண்ணெய் பிரிய வதக்கியிருந்தார்கள். எங்கள் குழுவில் காசிமேட்டிலேயே பிறந்து வளர்ந்த அக்கா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அவர் இறாலில் சுலபமாகத் திருப்தி அடைகிறவர் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் டச்சுக் கல்லறையையும் பார்த்துவிட்டு வந்தோம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பாலத்திலிருந்து பார்த்தால் ஏரியில் தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன.

இனி குறைகள். பெண்களுக்குத் தொடக்க இடத்தில் இரண்டே இரண்டு கழிப்பறை. மூன்று மணிக்கு வேன் ஏறி வந்தவர்களை வரிசையில் அரை மணி நேரம் நிற்க வைப்பது சரியில்லை.

அதைவிடப் பெரியது, ஓட்ட எண் அட்டை வாங்கிய கதை. வெள்ளி, சனி இரண்டு நாள்தான் கொடுப்பார்களாம், அதுவும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில். ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கி வர முடியாது, அடையாள அட்டையோடு அவரவர் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டம் நடப்பது சென்னைக்கு வடக்கே. எண்ணூரில் இருப்பவர் அதற்காக நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து தெற்கே போய்வர வேண்டியிருந்தது. ஐஸ் கம்பெனியில் தினக்கூலிக்கு வேலை செய்யும் எங்கள் தம்பி ஒருவனுக்கு அதில் ஒரு நாள் சம்பளம் போனது. குழுவில் எல்லோரையும்விட வேகமாக ஓடுகிறவன் அவன்தான். நுழைவுக் கட்டணத்தையே நாங்கள் சேர்ந்து கட்டினோம், இந்த நாள் கூலியை யார் கொடுப்பது?

ஓட்டத்தன்று காலையில் தொடக்க இடத்திலேயே ஒரு மேஜை போட்டுக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் மீஞ்சூரிலோ திருவொற்றியூரிலோ ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வைக்கலாம். குழு சார்பில் இதைக் கேட்டு நடத்துகிறவர்களுக்கு எழுதியிருக்கிறோம். கழிப்பறையையும் சேர்த்துத்தான். வடக்கிலிருந்து பதிகிற மற்றவர்களும் பதியும்போதே இதை எழுதிக் கேளுங்கள்.