டான்கிராம் பெட்டி அருமை, கூட வரும் புத்தகத்தை மட்டும் பூட்டி வைத்துவிடுங்கள்

ஐந்தாம் வகுப்புக்காக டான்கிராம் பெட்டிகள் வாங்கி ஒரு பருவம் முழுக்க வகுப்பில் புழங்கியாயிற்று, பிள்ளைகளுக்கு இன்னும் அலுக்கவில்லை. உள்ளே இருப்பது ஏழே துண்டுகள்: பெரிய முக்கோணம் 2, நடுத்தரம் 1, சின்னது 2, ஒரு சதுரம், ஒரு இணைகரம். இவற்றைச் சேர்த்து வைத்து உருவங்கள் அமைக்கும் புதிர்தான் டான்கிராம். ஏழும் வர வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, அவ்வளவுதான் விதி.

கூடவே ஒரு படப் புத்தகம் வருகிறது. முதல் வாரம் அதைக் கையில் கொடுத்தது என் தப்பு. எந்த நிறத் துண்டு எங்கே என்பதுவரை அச்சிட்டிருந்ததால், பச்சையைப் பச்சை மேல் வைத்துவிட்டு "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று கையைத் தூக்கினார்கள். வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் எல்லா மேசையிலும் ஒரே வாத்து!

அடுத்த வாரம் புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிட்டு, "கோபத்தைச் செய்து காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஐந்து நிமிடம் ஒருவரும் துண்டைத் தொடவில்லை, போய் உதவலாமா என்று கால் பரபரத்தது, போகாமல் நின்றுகொண்டேன். அப்புறம் பல், கொம்பு, எரிமலை என்று ஒவ்வொன்றாக வந்தது. வகுப்பில் அதிகம் வாய் திறக்காத ஒரு பையன், மேசையில் ஒரு சின்ன முக்கோணத்தைத் தலைகீழாக வைத்து, அந்தக் கூர்முனை மேலேயே மற்ற ஆறும் நிற்பதுபோல் அடுக்கியிருந்தான். "கோபம் வந்தா இப்படித்தான் டீச்சர், எப்ப சாயும்னே தெரியாது" என்றான். இதற்காகவே இன்னும் பத்துப் பெட்டி வாங்குவேன்.

கணக்கு வகுப்புக்கும் நல்ல தீனி. ஏழையும் சேர்த்தால் எங்கும் உள்வாங்காத வடிவங்கள் 13தான் அமையும் என்று 1942இல் இரண்டு சீனக் கணிதவியலாளர்கள் நிரூபித்தார்கள். விடையைக் காட்டாமல் இந்த எண்ணிக்கையை மட்டும் சொன்னேன், இதுவரை ஆறு கண்டுபிடித்திருக்கிறார்கள். திருப்பி வைத்தால் அது புது வடிவமா, பழையதா என்று ஒரு நாள் பெரிய சண்டை, தீர்ப்பையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

வாங்கும்போது காந்தம் வைத்ததைத் தவிருங்கள். கரும்பலகையில் ஒட்டும் என்று ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன், காந்தம் ஒரு பக்கம்தான் இருந்தது. ஏழில் இணைகரம் ஒன்றைத்தான் புரட்டிப் போட்டால் வேறு வடிவமாகிறது, அதைப் புரட்டவே முடியாவிட்டால் பாதி யோசனைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. இரண்டு பக்கமும் ஒரே நிறமாக, ஏழும் ஒரே நிறமாக இருப்பது உத்தமம். மரத்தில் செய்தது கைக்கு இதமாக இருக்கிறது, சத்தம்தான் தாங்காது; வகுப்புக்கு நுரை அட்டைதான் சரி.

அடிக்கடி தொலைவது சின்ன முக்கோணம். நடுத்தர முக்கோணத்தைக் கெட்டி அட்டையில் வரைந்து வெட்டி, செங்கோண முனையிலிருந்து நேராக நடுவில் பிளந்தால் சின்னது இரண்டு கிடைத்துவிடும். அதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.