கிருஷ்ணகிரியில் பழைய வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்குவோர் கவனத்துக்கு: எனக்கு 18,500 ரூபாய் போயிற்று

கிருஷ்ணகிரியில் பயன்படுத்திய கேமராக்களையும் லென்ஸ்களையும் வாங்கி விற்கும் ஒரு கடையில், அகன்ற காட்சியை ஒரே படத்தில் அடக்கும் 10-20 மி.மீ. வைட் ஆங்கிள் ஜூம் லென்ஸ் ஒன்றை 18,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இன்று காலை அந்தக் கடைக்காரர் முழுமையாகக் கைவிரித்துவிட்டார். வேறு யாரும் அங்கே போய் ஏமாறக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தர்மபுரிப் பக்கத்துத் திருமண மண்டபங்களில் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. சிறிய மண்டபங்களில் மேடைக்கு எதிரே பின்வாங்கி நிற்க இடம் இருக்காது. கேமராவுடன் சேர்ந்து வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸில் இரு வீட்டாரும் ஒரே படத்தில் அடங்கமாட்டார்கள். அதற்காகவே சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

கடைக்காரர் லென்ஸை என் கேமராவில் தாமே மாட்டி, உச்சி வெயிலில் எதிர்த் தெருவைப் படம் பிடித்துத் திரையில் காட்டினார். டீ வரவழைத்தார். “அண்ணா, நானும் முகூர்த்தத்துக்குப் படம் எடுத்தவன்தான். தொழில் பண்றவங்க வயித்துல அடிப்பேனா? ஏதாச்சும் ஒண்ணுன்னா நேரா இங்க கொண்டாங்க, நான் பாத்துக்கறேன்” என்றார். ஒரே தொழிலில் இருப்பவர் கொடுத்த அந்த வாக்கை நம்பி, 18,500 ரூபாயையும் அங்கேயே நின்று யுபிஐ மூலம் அனுப்பினேன்.

வெயிலில், லென்ஸின் ஒளித் துளையைச் சிறிதாக்கி எஃப்/11-இல் எடுத்த படத்தில் மறைந்திருந்த குறை, மண்டப வெளிச்சத்தில் துளையைப் பெரிதாக்கி எஃப்/4-இல் எடுத்தபோது வெளிப்பட்டது. வலது ஓரத்தில் நின்ற மாமன் வீட்டார் முகங்கள் அத்தனையும் கரைந்திருந்தன. இடது ஓரமோ தெளிவாக இருந்தது. லென்ஸ் பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டியபோது, மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) திருகுகளின் தலை தேய்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இது கீழே விழுந்து, ஏற்கெனவே திறந்து மூடப்பட்ட லென்ஸ் என்றும், உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்றும் சொன்னார்.

திருப்பிக் கொண்டுபோனால், வைட் ஆங்கிள் என்றாலே ஓரம் அப்படித்தான் இருக்கும் என்றார் கடைக்காரர். ஓரம் மங்குவதாக இருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா மங்க வேண்டும் என்று கேட்டதும், கோளாறு என் கேமராவில்தான் என்றார். அதன் பிறகு முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்று கடைப் பையன் சொல்ல ஆரம்பித்தான். தொலைபேசியை எடுப்பதே இல்லை. இன்று நேரில் மடக்கிப் பிடித்தபோது, அன்று “அண்ணா” என்றவர், “சார், வித்த பொருள் திரும்ப எடுக்க மாட்டோம், பில்லுலயே போட்டிருக்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பில்லில் “கேமரா பொருள், 18,500” என்பதைத் தவிர லென்ஸின் பெயரோ வரிசை எண்ணோ இல்லை.

குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர்களும் அச்சட்டப்படி நுகர்வோர்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன்.

வாங்குவோர், வெளிச்சம் குறைந்த இடத்தில், துளையை முழுவதும் திறந்து, ஒரு தட்டையான சுவரை நேராகப் படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். திருகுகளைப் பாருங்கள். டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். பில்லில் வரிசை எண்ணை எழுத மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.