மாதவிடாய் நின்றபின் வரும் திடீர்ச் சூடு: ஹார்மோனா, ஹார்மோன் இல்லாத மாத்திரையா?

ஏசி அறையில் இருந்தாலும் நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறும், வியர்த்துக் கொட்டும், சில நிமிடங்களில் குளிரும். இது காய்ச்சல் இல்லை. உடல் வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் மூளையின் ஹைப்போதலாமஸ் வியர்க்க வைக்கும். இன்னோர் எல்லைக்குக் கீழே போனால் நடுங்க வைக்கும். இரண்டுக்கும் நடுவில் அது சும்மா இருக்கும். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃப்ரீட்மேன் அளந்தபோது, தொல்லை இல்லாத பெண்களிடம் அந்த இடைவெளி சுமார் 0.4 டிகிரி செல்சியஸ்; தொல்லை உள்ளவர்களிடம் ஏறக்குறைய பூஜ்யம். அதனால்தான் ஒரு தம்ளர் சூடான காபியே சிலருக்குப் போதுமானதாகிவிடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அடங்கியிருந்த சில நரம்பணுக்கள், அது குறைந்ததும் பெருத்துவிடுகின்றன. அவை சுரக்கும் நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருள் ஹைப்போதலாமஸில் உள்ள வெப்ப மையத்தைச் சீண்டுகிறது. மருந்துகளுக்குள் உள்ள வித்தியாசம், இந்தச் சங்கிலியை எங்கே பிடிக்கின்றன என்பதில்தான்.

ஹார்மோன் சிகிச்சை அடிவேரிலேயே கை வைக்கிறது. போலி மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அலசலில், இந்தச் சூடு வரும் தடவைகள் சுமார் 75 சதவீதம் குறைந்தன. எலும்புத் தேய்மானத்தையும் அது தடுக்கிறது. ஆனால் கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுக்கக் கூடாது. கர்ப்பப்பைப் புற்றுநோய் அபாயம் கூடும். கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்து வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஈஸ்ட்ரோஜன் உடல் வெப்பத்தை இறக்கும், புரோஜெஸ்டிரோன் ஏற்றும். மாதவிடாய் சுழற்சியில் முட்டை வெளிவந்தபின் உடல் சூடு லேசாகக் கூடுவது அதனால்தான். இருந்தும் இரண்டையும் சேர்த்து எடுத்தாலும் தொல்லை நன்றாகவே குறைகிறது.

பயம் 2002-இல் கிளம்பியது. அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்றில், கூட்டு மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 38 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, எடுக்காதவர்களில் 30. ரத்தக்கட்டும் கூடியது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போவதால் ரத்தம் உறையும் போக்கைத் தூண்டுகிறது. தோலில் ஒட்டும் பேட்ச், பூசும் ஜெல் ஆகியவற்றில் அந்தச் சிக்கல் குறைவு. மாத்திரையா பேட்சா என்றால் என் ஓட்டு பேட்சுக்கே.

ஹார்மோன் இல்லாத மாத்திரையான ஃபெசோலினெட்டன்ட் (2023-இல் அமெரிக்க அனுமதி, தினம் 45 மி.கி.) நியூரோகைனின் பி வந்து ஒட்டும் இடமான ஏற்பியை மட்டும் அடைக்கிறது. ஹார்மோன் கிடையாது, எலும்புக்கோ பிறப்புறுப்பு வறட்சிக்கோ பயனும் கிடையாது. கல்லீரல் பாதிப்பு பற்றிய கடும் எச்சரிக்கை 2024 இறுதியில் சேர்ந்தது. தொடங்கும் முன்பும், முதல் 3 மாதம் மாதாமாதமும், பிறகு 6, 9-ஆம் மாதங்களிலும் ரத்தப் பரிசோதனை வேண்டும்.

சரி, யாருக்கு எது? 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள், மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர் ஹார்மோனைப் பற்றி டாக்டரிடம் தைரியமாகப் பேசலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவருக்கு அது பொதுவாக ஒத்துவராது. அவருக்கு மனச்சோர்வு மாத்திரைகளைக் குறைந்த அளவில் தருவதும் உண்டு. அதில் பாராக்ஸெட்டின் வேண்டாம். டாமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தை எடுப்பவரிடம் அந்த மருந்தின் வேலையை அது கெடுத்துவிடும். இன்னொரு மனச்சோர்வு மாத்திரையான வென்லாஃபாக்சினில் அந்தத் தகராறு இல்லை.