பிரேக் பெடல் அமுங்குதுன்னு வண்டிய ரிப்பேருக்கு விடப்போறீங்களா? 14,800 ரூபா போன வயித்தெரிச்சல்ல எழுதுறேன்

வீட்ல 2007 மாடல் சான்ட்ரோ. அப்பா வாங்குனது, இப்ப நான்தான் ஓட்டுறேன். கொஞ்ச நாளாவே பிரேக் மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுது, ரெண்டு மூணு தடவ பம்ப் பண்ணாத்தான் பிடிக்குது, மதுரை காளவாசல் சிக்னல்ல மிதிச்சபடியே நின்னா கால் மெதுவா கீழ இறங்கிட்டே இருக்கு. வளைவுல திரும்பும்போது ஹேண்ட் பிரேக் லைட் வேற மினுக் மினுக்குனு எரியுது.

வழக்கமா பாக்குற மெக்கானிக் அண்ணன் ஊர்ல இல்ல. அதனால ஆப்ல புக் பண்ணா வீட்டுக்கே வந்து வண்டிய எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் கொண்டாந்து விடுவாங்கள்ல, அந்த மாதிரி ஒண்ணுல போட்டேன். பேரு சொல்லல. வந்த பையன் அவ்ளோ மரியாதையா பேசினான். "அக்கா, நீங்க பயப்படவே வேணாம், அம்மாவ ஏத்திட்டுப் போற வண்டிங்கிறீங்க, பிரேக்ல நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன், எங்க வீட்டு வண்டியா நெனச்சுப் பாக்குறேன்"னு சொல்லிட்டு வாசல்ல நின்ன அம்மாகிட்டயும் "போய்ட்டு வரேன்மா"ன்னான். மத்தியானம் வாட்சப்ல வீடியோ வருது, பானட்ட தூக்கி துரு பிடிச்ச பூஸ்டர (நாம மிதிக்கிற பலத்த கூட்டிக் குடுக்குற டப்பா) காட்டி "இதான்க்கா போயிருச்சு, மாஸ்டர் சிலிண்டரும் சேத்து மாத்திரலாம், இல்லன்னா நடு ரோட்ல கைய விட்ரும்"ங்கிறான். மாஸ்டர் சிலிண்டர்ங்கிறது பெடல மிதிச்சா பிரேக் ஆயில வீலுக்குத் தள்ளுறது. அம்மாவ கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வண்டி, இப்படி ஒருத்தன் சொன்னா யாரு வேணாம்பா? 14,800 ரூபா ஜிபே பண்ணேன். லைட் எரியுறத கேட்டதுக்கு சென்சார் ஃபால்ட்டுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டான்.

வண்டி வந்த அன்னிக்கு பெடல் நல்லா இருந்துச்சு. அப்புறம் மறுபடியும் அதே பஞ்சு. ஃபோன் பண்ணா "புது பார்ட்டுக்கா, செட் ஆகணும், ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க"ன்னான். பிரேக் நிக்காத வண்டிய நூறு கிலோமீட்டர் ஓட்டணுமாம்! அதுக்கப்புறம் ஃபோனே எடுக்கல. ஒர்க்‌ஷாப்புக்கு நேர்ல போனா "பழைய வண்டி இப்படித்தான் மேடம் இருக்கும், ஆப்ல கம்ப்ளெயின்ட் போடுங்க"ங்கிறாங்க, ஆப்ல கேட்டா "நாங்க புக்கிங் மட்டும்தான், வேலைக்கு ஒர்க்‌ஷாப்தான் பொறுப்பு"ங்கிறாங்க. கழட்டுன பழைய பார்ட்ட குடுங்கன்னா ஸ்கிராப்ல போயிருச்சாம்.

மெக்கானிக் அண்ணன் ஊர்லேர்ந்து வந்ததும் காட்டினேன். மொதல்ல பிரேக் ஆயில் டப்பாவத்தான் பாத்தாரு, மினிமம் கோட்டுக்கும் கீழ கெடக்கு, திரும்பும்போது லைட் எரிஞ்சது அதனாலதான். பின்னாடி வீல் நட்டுல மண்ணு அப்படியே அப்பியிருந்துச்சு, அந்த வீல எவனும் தொடவே இல்ல. டிரம்ம கழட்டி வீல் சிலிண்டரோட (பிரேக் ஷூவ டிரம்முல அழுத்துறது) ரப்பர் பூட்ட லேசா விரல்ல தள்ளினாரு, பிரேக் ஆயில் கருப்பா சொட்டு சொட்டா ஒழுகுது, ஷூ முழுக்க நனைஞ்சு ஊறிப் போய் கெடக்கு. அப்புறம் அந்த "புது" பூஸ்டர ஸ்க்ரூ டிரைவரால சுரண்டினாரு, கருப்பு பெயிண்ட்டு உரிஞ்சு அடியில அதே துரு! 14,800 ரூபா பெயிண்ட்டு. அதோட பூஸ்டர் போனா பெடல் கல்லு மாதிரி இறுகும்மா, அமுங்கவே அமுங்காதுன்னு அவரு சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. ரெண்டு பக்கமும் வீல் சிலிண்டர், ஷூ செட்டு, பழைய ஆயில எடுத்துட்டு புது டாட் 3 ஊத்தி நாலு வீல்லயும் பிரேக் லைன்ல நின்ன ஏர் எடுத்தது எல்லாம் சேத்து 2,300. பெடல் இப்ப மேலயே நிக்குது.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், கை நடுங்குது, முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். இஞ்சின ஆஃப் பண்ணி பெடல் இறுகுற வரைக்கும் பல தடவ மிதிச்சு, மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க, லேசா கீழ இறங்குனா பூஸ்டர் வேலை செய்யுது, மாத்தணும்னு எவன் சொன்னாலும் உடனே நம்பிராதீங்க. பிரேக் ஆயில் குறைஞ்சிருந்தா நாலு வீலயும் கழட்டி எங்கயாச்சும் ஒழுகுதான்னு காட்டச் சொல்லுங்க, சும்மா மேல ஊத்தி அனுப்ப விடாதீங்க. எங்கயுமே ஒழுகல ஆனா மிதிச்சு வச்சா இறங்குதுன்னா அப்பத்தான் மாஸ்டர் சிலிண்டர் மேல சந்தேகப்படணும். பழைய பார்ட் கைக்கு வராம காசு குடுக்காதீங்க.

கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு கம்ப்ளெயின்ட் பண்ணியாச்சு. பில்லு, அந்த வீடியோ, சுரண்டுன பூஸ்டர் போட்டோ எல்லாம் என்கிட்ட இருக்கு. மதுரைல வேற யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தா சொல்லுங்க, சேந்தே கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம், 14,800 ரூபாய அவனுங்களுக்கு விட்டுக்குடுக்கிற மாதிரி இல்ல.