பேட் ஷார்ட்ஸ்: இடுப்பு ரகமா, பிப்பா, லைனரா? குமரி மாவட்டத்துக்கு எது தோதுப்படும்

சைக்கிளுக்கு ஷார்ட்ஸ் வாங்கப் போகிறவர்களில் பலர் கடையில் அதை உள்பக்கம் திருப்பி, உட்காருகிற இடத்தில் மெத்தைபோல் தைத்திருக்கிற பேடை விரலால் அமுக்கிப் பார்த்து, “இன்னும் தடியா இருக்கா?” என்று கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியிலேயே கருத்து வேறுபாடு. நம் மாவட்டத்துப் புழுக்கத்தில் ஓட்டுகிறவருக்குத் தடிமன் மூன்றாவது விஷயம். துணி உடம்போடு ஒட்டி அசையாமல் நிற்கிறதா என்பது முதலாவது. நனைந்தால் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பது அடுத்தது. இந்த வரிசையில்தான் எல்லா ரகத்தையும் இங்கே எடைபோட்டிருக்கிறேன்.

காரணம் எளிது. விடியற்காலையில் நாகர்கோவிலில் இருந்து கிளம்பினாலும் முட்டம் கலங்கரை விளக்கம் கண்ணில் படுவதற்குள் ஜெர்சி முதுகில் ஒட்டிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தொடையும் 4,800 தடவை சீட்டின் ஓரத்தை உரசுகிறது. ஈரம், சூடு, உரசல் மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது முதலில் தோல் சிவக்கும், பிறகு மயிர்க்கால்களில் கொப்புளம் வரும், அப்புறம் உட்காரவே விடாத புண். இவை எதையும் பேடின் தடிமன் மட்டும் தடுத்துவிடாது.

சரி, பேடே இல்லாமல் ஓட்டினால்? தாராளமாக ஓட்டலாம், ஓர் எல்லை வரைக்கும். குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பெட்டி கட்டி மீன் கொண்டுபோன வியாபாரிகள் சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓட்டியது ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் சீட். உட்கார்ந்தது முதுகு நிமிர்ந்து. பாரம் முழுவதும் உட்கார்வதற்கென்றே இருக்கிற இரண்டு எலும்புகளில் இறங்கியது. நாலு வீட்டுக்கு ஒரு தடவை இறங்கி நின்றார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒடுங்கிய சீட்டும் தாழ்ந்த ஹேண்டில்பாரும் உள்ள இன்றைய ரோடு சைக்கிளில் அந்தக் கணக்கு செல்லாது. சாதாரண ஷார்ட்ஸை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்: நான்கு தையல்கள் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து கூடும், முடிச்சோடு. சீட்டின் மேல் வருவது அந்தப் புள்ளிதான். வடசேரி சந்தைக்குப் போய் வர அது போதும். 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்ப வேண்டுமென்றால் போதாது.

அடுத்து, ஷார்ட்ஸுக்குப் பதிலாக சீட்டுக்கு ஜெல் உறை மாட்டுகிற வழி. இதை இரண்டே வரியில் முடித்துவிடலாம். உறை மெத்தென்று அமுங்குவதால் எலும்புகள் உள்ளே புதைந்து, அவற்றுக்கு நடுவில் இருக்கிற மென்மையான சதையில் பாரம் ஏறி மரத்துப்போகும். உறை சீட்டின் மேல் வழுக்குவதால் உரசலும் கூடும். நம்ம தேவைக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி மூன்று ரகங்களுக்குள்தான்: இடுப்பில் எலாஸ்டிக் வைத்த ஷார்ட்ஸ், தோளில் பட்டை வைத்த பிப், வெளியே தொளதொள ஷார்ட்ஸும் உள்ளே பேட் தைத்த லைனரும்.

இடுப்பு ரகம் விலை குறைவு, தொடக்கநிலை ஷார்ட்ஸ் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கும். போடுவதும் கழற்றுவதும் சுலபம். துணி நல்லதா என்று பார்க்க லேபிளைப் படியுங்கள். நைலான் 80, எலாஸ்டேன் (இழுத்தால் நீண்டு சுருங்கும் நூல்) 20 சதவீதம் என்ற அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் பிடிமானம் நிற்கும். (எலாஸ்டேன் நூலை அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் 1958-இல் உருவாக்கினார். அதற்கு முன்பு பந்தய வீரர்கள் கம்பளி நூல் ஷார்ட்ஸில் நிஜத் தோலைத் தைத்துப் போட்டு ஓட்டினார்கள். நம்ம ஊர் மே மாதத்தில் அதை நினைத்துப் பார்க்கவே அரிக்கிறது.) ஒன்றிரண்டு மணி நேர ஓட்டத்துக்கு இந்த ரகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை தெரிவது ஆரல்வாய்மொழியில். ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பாய்கிற காலம். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு தோவாளை வழியாக நாகர்கோவில் திரும்புகிறவர் அத்தனை காற்றையும் முகத்தில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். தானாகவே உடம்பு குனியும், கை ஹேண்டிலின் கீழ்வளைவுக்குப் போகும், இடுப்பு முன்பக்கம் சாயும். அப்போது இரண்டு காரியம் நடக்கிறது. எலாஸ்டிக் வயிற்றில் மடிந்து வெட்டுகிறது. காலையில் புட்டும் பயறும் சாப்பிட்டுக் கிளம்பியவருக்கு நன்றாகவே தெரியும். கூடவே ஷார்ட்ஸ் பின்பக்கம் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்குகிறது. ஷார்ட்ஸ் இறங்கினால் பேடும் இறங்கும். பேட் இடம் மாறினால் அதன் ஓரத் தையல் தொடை இடுக்கில் வந்து உட்காரும். எழுந்து நின்று இழுத்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து, மறுபடி இழுத்துவிட்டு என்று பாதி வழி போய்விடும்.

பிப் இதற்காகவே தைத்தது. இடுப்பில் இறுக்கமே கிடையாது, தோள்பட்டைகள் பேடை மேல்நோக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எவ்வளவு குனிந்தாலும் பேட் வைத்த இடத்தில் இருக்கும். போட்டுப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்றால் சரியான அளவு பிப் தோளை இழுத்து, உங்களைக் கொஞ்சம் கூனாக்கும். உடனே பெரிய அளவு கேட்டுவிடாதீர்கள். சைக்கிளில் உட்காருவதுபோல் குனிந்து பாருங்கள். பட்டை தளர்ந்து இதமாகிவிடும். நிற்கும்போது சுகமாக இருக்கிற பிப் ஓட்டும்போது தொங்கும்.

இத்தனைக்கும் பிப்பை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். தோளிலும் முதுகிலும் கூடுதலாக ஒரு அடுக்குத் துணி வருகிறது. பட்டையும் முதுகும் வலைத்துணியாக இல்லாவிட்டால் ஏப்ரல், மே மாதங்களில் வேர்க்குரு நிச்சயம். ஒதுங்க வேண்டுமென்றால் ஜெர்சியை ஏற்றி, பட்டையை இறக்கி என்று பாடு. ஆண்கள் முன்பக்கத்தை இழுத்துச் சமாளித்துவிடலாம். பெண்கள் பல மாடல்களில் ஜெர்சியை முழுதாகக் கழற்ற வேண்டிவரும், அதுவும் மணக்குடி, இராஜாக்கமங்கலம் என்று கடலோரமாகப் போகிற பாதையில் சுத்தமான கழிப்பறை தேடிப்பிடித்து. பின்பக்கம் மட்டும் இறங்குகிற மாதிரி பிப்கள் வருகின்றன. கிடைத்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் பெண்களுக்கு அகலமான, உயரமான இடுப்புப்பட்டை வைத்த ஷார்ட்ஸே மேல். ரகம் எதுவானாலும் பெண்களுக்கான பேட் தனி வடிவம், பின்பக்கம் அகலம் கூடியது. வீட்டில் அண்ணனுக்கு வாங்கியதையே தங்கையும் போட்டு ஓட்டலாம் என்கிற சிக்கனம் இதில் செல்லாது.

இன்னொரு உள்ளூர்ச் சங்கதி. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும் சுசீந்திரம் கோயிலிலும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓட்டத்தை முடித்த கையோடு சாமி கும்பிடலாம் என்று வருகிறவர் பிப் போட்டிருந்தால் ஜெர்சியைக் கழற்றிய பிறகு தோளில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு நிற்பார். ஒரு வேட்டியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வந்து மாற்றிக்கொள்வது மரியாதை.

மூன்றாவது ரகத்துக்கு ஆதரவாளர்கள் அதிகம், காரணம் கூச்சம். ஒட்டிய ஷார்ட்ஸோடு மார்த்தாண்டம் பக்கம் ஒரு சாயாக்கடையில் இறங்கினால், “என்ன மக்களே, உள்ள போடுறத மட்டும் போட்டுட்டு வந்துட்டிய?” என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலுக்குப் போகிற கூட்டம் நிற்கிற கடலோர ஊர்களில் நமக்கே ஒருமாதிரியாக இருக்கும். லைனருக்கு மேல் தொளதொள ஷார்ட்ஸ் போட்டால் இந்தப் பேச்சே இல்லை. பாக்கெட் உண்டு, செல்போன் வைக்கலாம். திற்பரப்பு, பேச்சிப்பாறை என்று ரப்பர்த் தோட்டங்களுக்குள் மெதுவாகச் சுற்றி, இறங்கி நடந்து, ஏத்தன்பழ பஜ்ஜி தின்று வருகிறவருக்கு இதுதான் சரி.

ஆனால் மழை பிடித்தால் மேல் ஷார்ட்ஸ் தண்ணீர் குடித்துக் கனத்து, ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் அடிக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு பின்னுக்கு இழுக்கும். கூட வருகிற லைனர் பெரும்பாலும் மலிவான பேடோடுதான் வருகிறது. எனவே என் யோசனை: நல்ல இடுப்பு ஷார்ட்ஸ் ஒன்றை வாங்கி, தேவைப்படுகிற நாளில் அதன் மேல் மெல்லிய ஓட்டப்பந்தய ஷார்ட்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் முக்கால் கால் நீளப் பேட் டைட்ஸின் மேல் மெல்லிய ஷார்ட்ஸ் போடலாம். தொடைக்கு வெயிலும் படாது.

எந்த ரகமானாலும் அடியில் ஜட்டி கூடாது. பாதிப்பேர் இதை நம்ப மறுக்கிறார்கள். பேடை நடுவில் தையல் இல்லாமல் ஒரே வளைவாகச் செய்வதே தோலில் நேராகப் படத்தான். இடையில் பருத்தி ஜட்டியைப் போட்டால் அதன் எலாஸ்டிக் ஓரம் தொடை இடுக்கில் கோடு போடும், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு விடாது.

இனி பேட். ஜெல்லா, ஃபோமா என்றால் நான் ஃபோம் பக்கம். ஜெல் காற்றை விடாது, சூட்டைத் தேக்கும், கனம் கூடுதல். ஃபோமிலும் தடிமனைவிட அடர்த்தியைப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் சிலர் ஒரு கன மீட்டருக்கு 80 கிலோ, 120 கிலோ என்று குறித்திருப்பார்கள், எண் கூடினால் நெடுந்தூரத்துக்கு. எண் இல்லாவிட்டால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். எலும்பு உட்காருகிற பகுதியைப் பிடித்து அழுத்துங்கள். இரண்டு விரலும் சட்டென்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் அது வெறும் பஞ்சு, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தட்டையாகிவிடும். எதிர்த்துத் தள்ளி, விட்டவுடன் பழைய உருவத்துக்கு வந்தால் நல்லது. அதே விரலால் பேடின் ஓரத்தைத் தடவுங்கள். மெலிந்து துணியோடு கரைய வேண்டும், வரம்புபோல் புடைத்து நிற்கக் கூடாது. கடைசியாக, கால் விளிம்பில் இருக்கிற சிலிக்கான் பட்டை. தொடையில் ஆழமாகத் தடம் பதித்தால் அளவு சின்னது. நடக்கும்போதே மேலே ஏறினால் பெரிது.

பூசுவதற்கு என்ன? தேங்காய் எண்ணெய் நம்ம ஊர் முதல் பதில். அது 24 டிகிரிக்கு மேல் உருகி ஓடுகிற பொருள், இங்கே பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும். அரை மணி நேரத்தில் துணிக்குள் போய்விடும், கறையும் மிஞ்சும். வாஸ்லின் நிற்கும், ஆனால் பேடை விட்டு லேசில் போகாது. பவுடர் வியர்வையில் குழைந்து கட்டியாகும். சைக்கிளுக்கென்றே விற்கிற க்ரீம் தண்ணீரில் கழுவினால் போய்விடுவதால் நெடுந்தூரம் போகிற நாளைக்கு அதுவே மேல். மெந்தால் கலந்ததை முதல் தடவை கொஞ்சமாகப் பூசிப் பாருங்கள், எரிச்சல் எல்லோருக்கும் ஒத்துவராது. குறுகிய ஓட்டத்துக்கு எதுவும் தேவையில்லை.

பணத்தை எங்கே போடுவது? ஒரு விலை கூடிய ஷார்ட்ஸுக்குப் பதில் நடுத்தரமான இரண்டு. ஒரு தடவை போட்டதைத் துவைக்காமல் மறுநாள் போடுவது புண்ணுக்கு நேர்வழி. ஐப்பசி மழையில் தடித்த பேட் ஒரே இரவில் காயாது. காஷ்மீரில் கிளம்பி குமரி வந்து சேர்கிறவர்கள் இரண்டு மூன்று வைத்து மாற்றி மாற்றிப் போடுவதும் இதனால்தான். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே இருக்கட்டும், பச்சைத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும், வாசனைக்காக ஊற்றுகிற துணி மென்மையாக்கி எலாஸ்டேனைக் கெடுக்கும். முறுக்கிப் பிழிந்தால் பேட் உள்ளுக்குள் மடிந்துபோகும். துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்து, நிழலில், காற்று வருகிற இடத்தில், பேட் வெளியே பார்க்கும்படி கொடியில் போடுங்கள். பின்பக்கத் துணி வெளிச்சத்தில் சல்லடையாகத் தெரிய ஆரம்பித்தால் அதை வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிக்கிற ட்ரெய்னர் கருவிக்கு வைத்துக்கொள்ளலாம். ரோட்டில் உங்களுக்குப் பின்னால் வருகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.